மாரிமுத்து பெயரைச் சொல்லி ஒரு ஸ்தோத்திரம்

எஸ்தர்,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சேலையின் நிறம், ஆலயத்தில் கல்யாண ஓலை வாசிக்கப்போகும் ஞாயிறு, திண்டுக்கல்லில் பந்தல் போடும் இடம் என்று எல்லாவற்றையும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஒரு பத்தியை மட்டும் நான் வாசிக்காமல் தாண்டிவிட்டேன். எந்தப் பத்தி என்று உனக்கே தெரிந்திருக்கும். கல்யாண விருந்தில் பெண் வீட்டார் சார்பாக யாராவது எழுந்து, கர்த்தர் இந்தக் குடும்பத்தை எப்படி ஆசீர்வதித்தார் என்று சாட்சி சொல்ல வேண்டுமென உன் வருங்கால மாமனார் கேட்கிறார். ‘அந்த லாரி விபத்தைச் சொல்லுங்கம்மா, எல்லாரும் உருகிப்போவார்கள், அப்பா பேச வேண்டாம், அவருக்குப் பேச வராது, சும்மா உட்கார்ந்திருக்கட்டும்’ என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழேயே, ஆயக்குடி வள்ளியம்மா அத்தையை மறுநாள் வரச் சொல்லலாமா, விபூதி பூசிய விதவை ஒருத்தி முன்வரிசையில் நிற்பதில் மாப்பிள்ளை வீட்டில் சிலருக்கு மனசு ஒப்பவில்லை என்றும் எழுதியிருக்கிறாய்.

எனக்கு உன்மேல் கோபம் இல்லை. புது வீட்டுக்குப் போகப் போகிற பெண், அந்த வீட்டு முகங்களைப் பார்த்துத்தான் எழுதுவாய். ஆனால் நீ என்னைச் சொல்லச் சொல்கிற அந்தக் கதை, நீ நினைத்துக்கொண்டிருக்கிற கதை இல்லை. அது நடந்தபோது உனக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. பிறகு நீ கேட்டதெல்லாம் சபைப் பெண்கள் சொன்னது: பிரேக் பிடிக்காத லாரி, பாறையில் மோதி நின்றது, டிரைவர் குடும்பத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை, கர்த்தர் பெரியவர். நாங்கள் அதைத் திருத்தவும் இல்லை, முழுதாகச் சொல்லவும் இல்லை. அப்பா அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார் என்பது உனக்குத் தெரியும். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

அப்போது நாம் கோடைக்கானலில் ஞானாதிக்கம் ஐயாவின் லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். ஐயாவுக்கு இரண்டு லாரிகள். மலையில் விளையும் பேரிக்காயையும் உருளைக்கிழங்கையும் வாங்கி வத்தலக்குண்டுக்கும் மதுரைக்கும் அனுப்புவார். ஒரு லாரி அப்பாவிடம் இருந்தது. சபையில் ஐயா மூப்பர். நான் வேலை பார்த்த மிஷன் தமிழ்ப் பள்ளியின் கமிட்டியிலும் இருந்தார். அவரைக் கெட்டவராக நீ நினைத்துவிடக் கூடாது. நீ பிறந்தபோது எனக்கு உதிரம் நிற்காமல் போனது. கொட்டுகிற மழையில் தன் சொந்தக் காரை அனுப்பி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டவர் அவர்தான். அப்பாவை ‘தங்கையா’ என்று வாய் நிறையக் கூப்பிடுவார். வாடகை என்று வாய் திறந்து கேட்டதே இல்லை. பின்னால் நடந்ததை அவ்வளவு கடினமாக்கியது இந்த நன்றிதான்.

அப்பாவின் லாரிக்கு மாரிமுத்து கிளீனர். ஆயக்குடிக்காரர், ஏறக்குறைய அப்பாவின் வயது, கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை. மலையில் இருக்கும் நாட்களில் நம் வீட்டில்தான் சாப்பாடு. நெற்றி நிறைய விபூதியோடு வந்து உட்காருவார். நான் ஜெபம் செய்து முடிக்கும்வரை சோற்றில் கை வைக்காமல் காத்திருப்பார். நாங்கள் ஆமென் சொன்னதும் அவர் தன் பங்குக்கு ‘முருகா’ என்று சொல்லிவிட்டுப் பிசைய ஆரம்பிப்பார். அப்பா சிரிப்பார். நீ நடக்கப் பழகியது பாதி அவருடைய விரலைப் பிடித்துத்தான். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் வேட்டி மடிப்பில் உனக்கென்று இரண்டு கொய்யாப்பழம் இருக்கும்.

அந்த வருஷம் பேரிக்காய் நன்றாகக் காய்த்திருந்தது. லாரி ஓய்வே இல்லாமல் ஓடியது. பிரேக் சரியில்லை என்று அப்பா ஐயாவிடம் சொன்னது நம் வீட்டு வாசலில் வைத்துத்தான். நான் உள்ளே இருந்து கேட்டேன்.

“மதுரைக்கு அனுப்பி ஒரு தடவ பாத்துரலாங்கய்யா. ஒரு மிதிக்குப் புடிக்க மாட்டேங்குது. ரெண்டு மூணு மிதி மிதிச்சாத்தான் நிக்குது.”

“பழம் மரத்துலயே அழுகிட்டுக் கெடக்கு தங்கையா. இந்த வாரம் ஓடட்டும், அடுத்த வாரம் பாப்போம். ஜெபம் பண்ணிட்டு எடு, ஒண்ணும் ஆகாது.”

அப்பா மாரிமுத்துவைப் பார்த்தார். மாரிமுத்து, “கியர்லயே பைய எறக்கிருவோம்ணே” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

வத்தலக்குண்டில் என் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னதால், பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு அந்த லாரியிலேயே கிளம்பினேன். காலையிலிருந்து சாரல். மஞ்சு இறங்கி ரோடு பத்தடிக்கு மேல் தெரியவில்லை. அப்பா ஓட்ட, நான் நடுவில், கதவோரம் மாரிமுத்து. பெருமாள்மலை தாண்டும்வரை மாரிமுத்து உனக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டே வந்தார். அதற்குக் கீழே இறக்கம் கடுமை. இடது பக்கம் மலை, வலது பக்கம் பள்ளம். ஒரு வளைவு திரும்பியதும் அப்பாவின் கால் மிதிப்பதைப் பார்த்தேன். மறுபடி மிதித்தார். மறுபடியும். என் காதில் விழக்கூடாதென்று நினைத்தாரோ என்னவோ, ரொம்ப மெதுவாக, “மாரி, புடிக்கலடா” என்றார்.

“இன்னும் ரெண்டு மிதிங்கண்ணே.”

“மிதிச்சிட்டேன். தரையோட போயிருச்சு.”

கைபிரேக்கை இழுத்தார். கருகிய நாற்றம் வந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. கியரைக் குறைத்ததில் இன்ஜின் அலறியது. பின்னால் இருந்த சுமை முன்னால் தள்ளிக்கொண்டே வந்தது. மலைப் பக்கம் உரசி நிறுத்தப் பார்த்தார். பாறையில் பட்டு வண்டி பள்ளத்துப் பக்கம் துள்ளியது. நான் சத்தம் போட்டேனா என்று எனக்கு நினைவில்லை. ‘இயேசுவே’ என்று சொன்னேன், அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. எதிரே இன்னொரு வளைவு. மஞ்சு கொஞ்சம் விலகியதில் அதன் ஓரமும் அதற்கப்பால் வெறும் வெள்ளையும் தெரிந்தது.

மாரிமுத்து காலடியில் கிடந்த கட்டையை எடுத்தார். ஏற்றத்தில் வண்டி நின்றால் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பதற்காக வைத்திருக்கும் கட்டை. கதவைத் திறந்தார். அப்பா, “வேணாம் மாரி, வேகம் இருக்கு” என்று கத்தினார். “மலையோட ஒட்டியே வைங்கண்ணே, நா அண்டை குடுக்கறேன்” என்றார் அவர். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “டீச்சர், புள்ளைய முந்தானையோட சேத்துக் கட்டிக்கங்க.” அவ்வளவுதான். குதித்துவிட்டார்.

அவர் ஓடுவது கண்ணாடியில் ஒரு கணம் தெரிந்தது. பிறகு பின்னால் ஏதோ ஏறி இறங்கியதுபோல ஓர் உலுக்கல். லாரியின் பின்பக்கம் அப்படியே மலைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பாறையில் மோதியது. நின்றுவிட்டது. மூட்டைகள் பிரிந்து பேரிக்காய்கள் ரோட்டில் உருண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது. நீ அழவில்லை. உன்னை நான் நெரித்துவிட்டேனோ என்று பயந்து முந்தானையை விலக்கிப் பார்த்தேன். கண்ணை விழித்துக்கொண்டு இருந்தாய். அப்பா “மாரி, மாரி” என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் போனார். பிறகு அந்தக் குரல் நின்றது. என்னை இறங்க வேண்டாம் என்று கையைக் காட்டினார். வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் மாரிமுத்து இருந்தார்.

மறுநாள் காலை வெள்ளனே ஐயா நம் வீட்டுக்கு வந்தார். உனக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். முதலில் ஜெபம் செய்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கண்ணீரோடுதான் செய்தார். பிறகு அப்பாவின் தோளில் கையை வைத்துச் சொன்னார்:

“நடந்தது நடந்துபோச்சு தங்கையா. கர்த்தர் உன் குடும்பத்தக் காப்பாத்திட்டாரு. இன்ஸ்பெக்டர் வந்து கேப்பாரு. வண்டி நல்லாத்தான் இருந்துச்சு, கிளீனர்தான் தவறி விழுந்தான், சாராய வாடை அடிச்சதுன்னு ஒரு வார்த்த சொல்லிரு. மத்தத நா பாத்துக்கறேன்.”

மதுவிலக்கு இருந்த காலம் அது. குடித்திருந்தான் என்று ஒரு சொல் விழுந்தால் போதும், செத்துப்போனவர்மேலேயே பழி முடிந்துவிடும். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐயா என் பக்கம் திரும்பினார். “டீச்சர், நீங்க படிச்சவங்க. இவனுக்குப் புத்தி சொல்லுங்க. வர்ற ஞாயிறு ஸ்தோத்திர ஆராதனை வைக்கச் சொல்லிட்டேன். நீங்கதான் சாட்சி சொல்றீங்க.”

அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். உன்னைத் தூக்கி முத்தம் கொடுத்தார்கள். “உங்க ஜெபம் பெரிய ஜெபம் டீச்சர்” என்றார்கள். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் ஒருத்தி, காபியைக் குடித்துக்கொண்டே, “பாவம் அந்த ஆளு, கர்த்தர அறியாதவன், அதான் இப்பிடி” என்றாள். எனக்குக் கையில் இருந்த பாத்திரத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எங்களுக்காக ரோட்டில் குதித்தவரைக் கடவுள் கைவிட்டதாகவும், உட்கார்ந்திருந்த எங்களைத் தேர்ந்துகொண்டதாகவும் ஒரு கணக்கு என் வீட்டுக் கூடத்திலேயே போட்டு முடிந்துவிட்டது. அதற்கு நான் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று ஆமென் சொல்ல வேண்டும்.

அப்பா சாப்பிடவில்லை. தட்டின் முன்னால் உட்காருவார், ஆமென் சொன்னபிறகும் கை சோற்றுக்குப் போகாது. சனிக்கிழமை சாயங்காலம் நான் கேட்டுவிட்டேன். “இன்ஸ்பெக்டர்ட்ட என்ன சொல்லப் போறீங்க?”

“வீடு அவரு வீடு. உன் வேல அவரு கையில. புள்ள இருக்கு.”

“மாரிமுத்துவுக்கும் புள்ள இருக்கு.”

“தெரியும்டி!” என்று கத்தினார். அதற்கு முன்போ பின்போ அவர் என்னிடம் அப்படிக் கத்தியதில்லை. போர்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு சாரலில் வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துப் பயந்துகொண்டு இருந்தோம் எஸ்தர். அவர் என்ன சொல்லிவிடுவாரோ என்று நானும், நான் என்ன நினைக்கிறேனோ என்று அவரும்.

ஞாயிறன்று ஆலயம் நிறைந்திருந்தது. ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் ஐயா. பின்னால் சுவரோரம் அப்பா. பாடல் முடிந்து போதகர் என்னைக் கூப்பிட்டார். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன். பள்ளியில் நாள் முழுக்கப் பேசுகிறவள் நான். “என் குடும்பத்தைக் காப்பாற்றின ஆண்டவருக்கு” என்று ஆரம்பித்தேன். மேலே வார்த்தை வரவில்லை. பொய் சொல்லத் தைரியம் இல்லை, உண்மையைச் சொல்லவும் தைரியம் வரவில்லை. என் குடும்பம் என்ற இடத்திலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. யாரோ இருமினார்கள். “சொல்லுங்க டீச்சர்” என்று ஐயா அன்பாகத்தான் சொன்னார். 

அப்போது பின்வரிசையில் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து நின்றிருந்தார். சபையில் அவர் வாய் திறந்து ஒருவரும் கேட்டதில்லை. ஜெபம்கூடக் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் செய்கிறவர். முன்னால் வரவில்லை, நின்ற இடத்திலேயே, முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

“வண்டியில பிரேக் இல்லன்னு எனக்குத் தெரியும். ஐயாவுக்கும் தெரியும், நா சொன்னேன். மாரிமுத்துக்கும் தெரியும். தெரிஞ்சும் நா எடுத்தேன், எம்மேலயும் தப்பு இருக்கு. அவன் குடிக்கல. தவறி விழல. நாங்க பொழைக்கணும்னு தானா எறங்குனான். இப்ப என் வீட்டுல மூணு பேரு சோறு திங்கறோம்னா அது அவன் குடுத்தது. நா ஸ்தோத்திரம் சொல்லணும்னா அவன் பேரச் சொல்லித்தான் சொல்லணும். இல்லாட்டி ஆண்டவரு என் வாயப் பாத்துக் கேப்பாரு.” கடைசியாக, “மாரிமுத்துக்காக ஸ்தோத்திரம்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. ஐயா குடையை எடுத்துக்கொண்டு நடுவழியாக வெளியே நடந்தார். அவர் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். போதகர் இளவயதுக்காரர், சபைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.  ஐயாவின் கோபம் தன்மேலும் விழும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.  ஆனாலும் ஆசீர்வாதம் கூறக் கையை உயர்த்தினார்.  வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டு, “ஆயக்குடியில இருக்கிற அந்தத் தாயோடும் அவங்க பிள்ளையோடும்கூட இருப்பதாக” என்று சேர்த்துச் சொன்னார். அப்போதுதான் இரண்டு மூன்று பேர் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன்.

அடுத்த வாரம் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. கமிட்டி என்னைப் பெருமாள்மலைக் கிளைப் பள்ளிக்கு மாற்றியது, நாம் அங்கேயே குடிபோனோம். அப்பா ஆலயத்தில் சொன்னதையே இன்ஸ்பெக்டரிடமும் கோர்ட்டிலும் சொன்னார். அவருடைய லைசென்ஸ் போனது. மாரிமுத்துவின் மனைவிக்கு, நீ அத்தை என்று கூப்பிடும் வள்ளியம்மாவுக்கு, ஐயா நஷ்டஈடு கொடுக்கும்படி ஆயிற்று. அப்பா அதற்குப்பிறகு ஸ்டீரிங்கைத் தொடவில்லை. மற்றவர்களுடைய தோட்டங்களில் பேரி மரம் கவாத்து செய்யப் போனார், இன்றுவரை போகிறார். அவர் ஏன் ஒரு லாரி டிரைவராகவே இருந்து நாலு காசு சேர்க்கவில்லை என்று நீ ஒருமுறை என்னிடம் கேட்டாய். அடுப்பில் வேலை இருப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். இதுதான் பதில்.

கேஸ் முடிந்த பிறகு, பனிக்காலத்தில் ஒரு நாள், காலை பஸ்ஸில் ஒரு பெண் வந்து இறங்கினாள். இடுப்பில் குழந்தை. மலைக்குளிருக்கு ஒரு துண்டுகூட இல்லாமல், சேலையையே இழுத்துப் போர்த்தியிருந்தாள். வாசலில் நின்று, “டிரைவர் தங்கையாங்கறது யாருங்க?” என்று கேட்டாள். அப்பா எழுந்து நின்றார்.

“நாந்தாம்மா.”

“பிரேக் இல்லன்னு தெரிஞ்சேதான் ஓட்டுனீங்களாமே.”

“ஆமாம்மா.”

“அவருக்கும் தெரியுமா?”

“தெரியும்.”

அவள் அப்பாவை அடித்துவிடுவாள் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் அப்பா நின்றிருப்பார். அவள் குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “குடிச்சுட்டு விழுந்தாருன்னு எங்க ஊர் வரைக்கும் ஆள் வந்து சொல்லிட்டுப் போனாங்க. எங்க மாமியா நம்பிட்டாங்க, அவரு பேரையே வீட்டுல எடுக்க விடல. நீங்க கோர்ட்டுல சொன்னதக் கேட்ட பெறகுதான் அவருக்கு வெளக்கேத்துனாங்க.” சேலையைக் குழந்தைமேல் இழுத்து மூடினாள். “உங்கள மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரலீங்க. எனக்கு அந்த எடத்தப் பாக்கணும். அதுக்குத்தான் வந்தேன்.”

நடந்தே போனோம். உன்னை நான் தூக்கிக்கொண்டேன்.  அந்த வளைவில் அப்பா பாறையைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். வள்ளியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு கட்டிக் கற்பூரத்தைப் பாறையடியில் வைத்துத் தீக்குச்சி கிழித்தாள். சாரல் காற்றில் அணைந்தது. மறுபடி கிழித்தாள். அணைந்தது.  அப்பா பக்கத்தில் போய், போட்டிருந்த போர்வையை எடுத்து இரண்டு கையாலும் விரித்து, காற்றுக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். கற்பூரம் பிடித்தது. அது எரிந்து முடியும்வரை அப்படியே இருந்தார். அவர் முதுகு குலுங்கியது. அவள் அழவில்லை.

“கடைசியா என்ன சொன்னாருங்க?” என்று என்னிடம் கேட்டாள். குழந்தையை முந்தானையோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார் என்று சொன்னேன். “இந்தப் புள்ளையவா?” என்று உன்னைப் பார்த்தாள். எழுந்து கிட்டே வந்தாள். முடிச்சில் பழனி விபூதி இருந்தது. பாறையில் வைத்தாள், தன் பிள்ளை நெற்றியில் வைத்தாள். மறுபடி விரலில் எடுத்தவள் உன் முகத்துக்கு நேராக வந்து நிறுத்தினாள். “டீச்சர், நீங்க வேதக்காரங்க. வைக்கலாமா, கூடாதா?”

ரோட்டில் கோடைக்கானல் பஸ் ஏறிவரும் சத்தம் கேட்டது. அதில் நம் சபையார் யாராவது இருக்கலாம். என் அப்பா உபதேசியார் என்பது உனக்குத் தெரியும். அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். எனக்குக் கற்றுக்கொடுத்த எல்லாமும் வேண்டாம் என்று சொல்லச் சொன்னது. அந்த விரல் என் முன்னால் காத்துக்கொண்டிருந்தது. நான் ஜெபிக்கவில்லை, யோசிக்கவும் இல்லை. உன் தலையை அவள் பக்கம் சாய்த்துக் கொடுத்தேன்.

“நல்லா இரு தாயி” என்றாள். “அவரு ஆயுசும் சேத்து நீ இரு.”

பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. நான் உன் நெற்றியைத் துடைக்கவில்லை. வீட்டுக்கு வருவதற்குள் சாரலே கரைத்துவிட்டது.

எஸ்தர், இதை நான் போதகரிடம் சொன்னதில்லை, என் அப்பாவிடம் சொன்னதில்லை. தவறு என்று சிலர் சொல்லலாம். ஆனால் இத்தனை வருஷமாகக் காலை ஜெபத்தில் ‘தேவரீர் பெரியவர்’ என்று சொல்லும்போதெல்லாம், அந்தப் பாறையடியில் போர்வை பிடித்துக்கொண்டு மண்டியிட்ட உன் அப்பாதான் எனக்குத் தெரிகிறார். நம் வீட்டு நிலைவாசலுக்கு உள்ளே மட்டும் அடங்குகிற கடவுளாக அவர் இருந்தால், மாரிமுத்துவின் காலுக்கு அந்த ஓட்டத்தைக் கொடுத்தது யார்? அவரைப் பெரியவர் என்று சொல்லிவிட்டு, அவருடைய ஆசீர்வாதத்துக்கு மட்டும் நாம் வேலி கட்டினால் அது என்ன துதி? ஒரு குடும்பம் ஆசீர்வதிக்கப்பட்டிருக்கிறது என்று யாராவது சொன்னால், அதற்காக இன்னொரு குடும்பம் எதை இழந்தது என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுகிறது. பதில் எப்போதும் கிடைப்பதில்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது, அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது.

ஆகையால் விருந்தில் நான் சாட்சி சொல்வதென்றால் முழுதாகத்தான் சொல்வேன். அப்பாவும் எழுந்தால் எழட்டும். அது வேண்டாம் என்று உன் மாமனார் நினைத்தால் சாட்சியே வேண்டாம். சாப்பிட்டுவிட்டு ஜெபித்துவிட்டுக் கலைவோம், யாருக்கும் மனவருத்தம் இல்லை. மாப்பிள்ளை சாமுவேல் நல்ல பிள்ளை, இந்தக் கடிதத்தை அவனிடம் காட்டு. அவன் முகம் எப்படி மாறுகிறதென்று கல்யாணத்துக்கு முன்பே நீ பார்த்துவிடுவது நல்லது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் உண்மையைச் சொல்வதற்குப் பயந்துகொண்டு இரண்டு பேர் இருப்பது என்னவென்று ஒரு வாரம் நான் பார்த்திருக்கிறேன்.

வள்ளியம்மாவைப் பற்றி ஒன்று உனக்குத் தெரியாது. போன வாரமே நானும் அப்பாவும் ஆயக்குடிக்குப் போய் அழைத்தோம். சந்தைக்குக் கொய்யாக் கூடை கட்டிக்கொண்டிருந்தாள். கை வேலையை நிறுத்தாமலே, “தாலியறுத்தவ நா எதுக்குங்க டீச்சர் அங்க வந்து முன்னாடி நிக்க? உங்க சனங்களுக்குச் சங்கடம். மறுநா வந்து புள்ளையப் பாத்துட்டுப் போறேன்” என்றாள். நீ எழுதியதை அவள் உனக்கு முன்பே சொல்லிவிட்டாள், பார்த்தாயா. அப்பா கட்டி முடித்த கூடை ஒன்றைத் தூக்கி ஓரமாக வைத்தார். “நீ வராட்டி நா ஆலயத்துக்குள்ள கால வைக்க மாட்டேன்மா. எம் மகளோட கையப் புடிச்சுக் குடுக்க வேற ஆளப் பாத்துக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.  அவர் வீம்புக்குச் சொல்கிறவர் இல்லை. சொன்னால் செய்வார்.

நான் மறுபடி போய்க் கூப்பிட்டால் அவள் வரமாட்டாள், எனக்குத் தெரியும். நீ கூப்பிட்டால் ஒருவேளை வருவாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கடிதம் போட்டுப் பயனில்லை. நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் உனக்கு ஓய்வு கிடைக்கும் நாளில் மதுரையில் வெள்ளனே ரயில் ஏறி, திண்டுக்கல்லில் மாறி, பழனியில் இறங்கினால் ஆயக்குடிக்கு பஸ் இருக்கிறது. சாமுவேல் வருகிறேன் என்றால் அவனையும் கூட்டிக்கொண்டு போ. வரவில்லை என்றாலும் நீ போ. என்ன பேசுவது என்று முன்கூட்டியே யோசிக்காதே, அங்கே போனதும் வரும். சந்தைக்கு அவள் கிளம்புவதற்குள் போய்விடு. அவள் வீட்டு நிலை ரொம்பத் தாழ்வு. குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும்.

உன் அம்மா